‘நோ’ என்ற ஒரு சொல்

மருத்துவ வழிகாட்டுநெறிகள் என்றவுடன் அது வைத்தியர்களுக்குரிய விடயம் என்று வாசகர்களிற் பலர் கடந்து சென்றுவிடக்கூடும். அவ்வாறு செல்ல வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன். எமது பெற்றோரின் தலைமுறையைச் சேர்ந்த பலர் இன்று ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சிட்னியிலும் முதியோர் பராமரிப்பு இல்லங்களில் தமது இறுதிக் காலத்தைக் கழிக்கின்றனர். அவர்களுக்கு எதைச் செய்யலாம், எதைச் செய்யலாகாது என்று கூறும் ஏடுகளே இவை.

ஒரு நோய் தொடர்பாக நடந்த ஆய்வுகளைத் திரட்டி, நிபுணர் குழுவொன்று அவற்றை எடைபோட்டு, நடைமுறைக்கு ஏற்ற பரிந்துரைகளாக எழுதுவதே வழிகாட்டுநெறி. அமெரிக்காவில் 1987 ஆம் ஆண்டின் சட்டம், பராமரிப்பு இல்லங்களில் முதியோரைக் கட்டிவைப்பதற்கும் மருந்தால் மயக்கிவைப்பதற்கும் கட்டுப்பாடு விதித்தது. 1992 இல் அந்நாட்டு அரசின் முகவர் நிலையமொன்று படுக்கைப் புண்ணைத் தடுப்பதற்கான நெறிகளை வெளியிட்டது. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் பதிவுபெற்ற தாதியர் சங்கம் 1999 இல் இப்பணியைத் தொடங்கியது. நோவை மதிப்பிடுவது, விழுவதைத் தடுப்பது எனப் பல விடயங்கள் பற்றி அச்சங்கம் ஏடுகளை வெளியிட்டுள்ளது.

இந்த ஏடுகளின் பெறுமதியை நான் அறிந்துகொண்டது என் பெரியம்மாவின் மூலமாகத்தான். 2014 இல் நான் கனடா சென்றிருந்தபோது அவர் ஒன்ராறியோவிலுள்ள இல்லமொன்றில் இருந்தார். வயது எண்பத்தாறு. எங்கள் ஊர்ப் பேச்சில் சொல்வதானால் அறளை பெயர்ந்திருந்தது. கற்ற ஆங்கிலம் முழுவதும் மறந்து தமிழ் மட்டுமே எஞ்சியிருந்தது. மாலையில் சக்கர நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு மாற்றும்போது அவர் கூச்சலிடுவார், பணியாளரின் கையைத் தட்டிவிடுவார். அவரது கோப்பில் ‘மூர்க்கமான நடத்தை’ என்று எழுதப்பட்டிருந்தது. மனநோய்க்குரிய மருந்தொன்றும் தொடங்கப்பட்டிருந்தது. பகல் முழுவதும் தலை தொங்கியபடி அவர் உறங்கிக்கொண்டிருந்தார்.

“வலிக்கிறதா என்று ஆங்கிலத்தில் ஒவ்வொரு நாளும் கேட்கிறோம். ‘நோ, நோ’ என்றுதான் சொல்கிறார்” என்று பணியாளர் என்னிடம் கூறினார். அதைக் கேட்டு அருகில் நின்ற தாதி திடுக்கிட்டுத் திரும்பினார். புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த அவர் தெல்லிப்பழையைச் சேர்ந்தவர். “அம்மா, எங்கை நோகுது?” என்று அவர் கேட்டபோது பெரியம்மா இடது இடுப்பைத் தொட்டு, “இதிலைதான் பிள்ளை, ஒரே நோ” என்றார். சில ஆண்டுகளுக்கு முன்னர் முறிந்து சத்திரசிகிச்சை செய்யப்பட்ட இடுப்பு அது. யாழ்ப்பாணத் தமிழின் ‘நோ’ மாதக்கணக்கில் ஆங்கிலத்து ‘நோ’வாகவே அங்கு பதியப்பட்டு வந்திருக்கிறது.

இதை மொழிபெயர்ப்பாளர் இல்லாத குறை என்று மட்டும் கொள்ளலாகாது. தன் நோவைச் சொல்ல இயலாதவரின் வாய்மொழியை மாத்திரம் நம்பியிருக்கக் கூடாது, அவரது உடலை அவதானிக்க வேண்டும் என்று வழிகாட்டுநெறிகள் தெளிவாகவே கூறுகின்றன. இதற்காக 2003 இல் அமெரிக்காவில் உருவாக்கப்பட்ட அளவுகோலொன்று ஒரே தாளில் அடங்குவது. மூச்சு, முனகல், முகபாவம், உடலசைவு, ஆறுதல்படுத்த முடிகிறதா என்ற ஐந்து விடயங்களுக்கும் தலா 0 முதல் 2 வரை புள்ளிகள். அந்தத் தாதி அத்தாளை அலுமாரியிலிருந்து எடுத்து வந்தார். பெரியம்மா அமைதியாக அமர்ந்திருந்தபோது புள்ளி 1, கட்டிலுக்கு மாற்றும்போது 7. இந்த எண்களைக் கண்ட பின்னரே வைத்தியர் இடுப்பைப் பரிசோதித்தார். பனடோல் ஒழுங்காக நேரத்துக்குக் கொடுக்கப்பட்டது. சில வாரங்களில் கூச்சல் பெரிதும் தணிந்தது. மற்றைய மருந்து படிப்படியாகக் குறைத்து நிறுத்தப்பட்டது. நினைவு திரும்பவில்லை. என்னைத் தன் தமையன் என்றே எண்ணிப் பேசினார். ஆனால் விழித்திருந்து பேசினார்.

இது ஒரு குடும்பத்தின் தனி அனுபவமல்ல. நோர்வேயில் 18 பராமரிப்பு இல்லங்களில் மறதிநோயுள்ள 352 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வொன்று 2011 இல் வெளியானது. படிமுறைப்படி நோவுக்குச் சிகிச்சை அளிக்கப்பட்டவர்களிடம் எட்டு வாரங்களில் கிளர்ச்சி நடத்தை சராசரியாக 17 சதவீதம் குறைந்திருந்தது. அவர்களிற் பெரும்பாலானோருக்குக் கொடுக்கப்பட்டது பனடோலில் உள்ள அதே பரசிற்றமோல். மறுபுறம், மறதிநோயுள்ள முதியோருக்கு மனநோய் மருந்துகள் கொடுப்பது மரண அபாயத்தைக் கூட்டுகிறது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2005 இலேயே எச்சரித்திருந்தது.

வழிகாட்டுநெறிகளை வேதவாக்காகக் கொள்ள வேண்டும் என்பது என் வாதமன்று. ஐந்து நாட்பட்ட நோய்களுள்ள 79 வயதுப் பெண்ணொருவரைக் கற்பனை செய்து, ஒவ்வொரு நோய்க்குமான நெறியையும் அப்படியே பின்பற்றினால் என்னவாகும் என்று அமெரிக்க ஆய்வாளர்கள் 2005 இல் கணக்கிட்டனர். பன்னிரண்டு மருந்துகள், நாளொன்றுக்குப் பத்தொன்பது மருந்தளவுகள்! நெறிகளிற் பல தனித்தனி நோய்க்கென எழுதப்பட்டவை. பல நோய்கள் கூடியிருக்கும் முதுமைக்கு அவற்றை அளந்து பொருத்தும் அறிவு அருகிலிருப்பவருக்கு வேண்டும்.

அருகிலிருப்பவர்தான் இன்று அரிதாகி வருகிறார். 2020 இல் கொரோனாத் தொற்றின்போது ஒன்ராறியோவின் ஐந்து இல்லங்களுக்கு உதவிக்கு அனுப்பப்பட்ட கனேடிய இராணுவத்தினர் எழுதிய அறிக்கை நாட்டையே உலுக்கியது. தொற்றைத் தடுக்கும் விதிகள் ஏட்டில் இருந்தன. அவற்றைச் செய்ய ஆட்கள் போதாமலிருந்தனர்.

இலங்கையிலும் இது நாளைய பிரச்சினையல்ல. அறுபது வயதைத் தாண்டியோர் 1981 இல் சனத்தொகையில் 6.6 சதவீதம், 2012 இல் 12.4 சதவீதம். முதியோர் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் 2000 ஆம் ஆண்டிலேயே நிறைவேற்றப்பட்டது. வடக்கில் பிள்ளைகள் புலம்பெயர்ந்த வீடுகளில் எஞ்சியிருக்கும் முதியோர் ஒருவர்பின் ஒருவராக இல்லங்களை நாடுகின்றனர். அங்கு பணிபுரிவோருக்குத் தேவையானது பல நூறு பக்க ஆங்கில ஏடு அல்ல. முனகலையும் முகச்சுளிப்பையும் எப்படி வாசிப்பது என்று நல்ல தமிழில் எழுதிய ஒரு தாள், அதைப் பயன்படுத்த ஒரு நாட் பயிற்சி, புள்ளி உயர்ந்தால் அழைக்க ஒரு வைத்தியர் ஆகியன போதும். வெளிநாட்டிலிருந்து இல்லங்களுக்கு மின்விசிறியும் தொலைக்காட்சியும் அன்பளிப்புச் செய்யும் ஊர்ச் சங்கங்கள் இதனையும் கருத்திற் கொள்ளலாம்.

உங்கள் தாயோ தந்தையோ எந்த நாட்டிலாயினும் ஓர் இல்லத்தில் இருந்தால், அடுத்த தடவை செல்லும்போது பொறுப்பான தாதியிடம் ஒரேயொரு கேள்வியைக் கேளுங்கள்: “இவருக்கு நோகிறதா என்பதை நீங்கள் எப்படி அறிகிறீர்கள்?” பதிலை முழுமையாகக் கேட்டுவிட்டே திரும்புங்கள்.