அகலவும் உழு, ஆழவும் உழு

'அகல உழுவதிலும் ஆழ உழுவது மேல்' என்று நம் முன்னோர் சொல்லிவைத்தார்கள். யோசனை கேட்டு என்னிடம் வரும் பிள்ளைகளில் பலர் இந்தப் பழமொழிக்குப் பயந்துபோய்த்தான் வருகிறார்கள். "நாலைந்து வேலை தெரியும், ஒன்றிலும் பெயரெடுக்கவில்லை. எதை விடட்டும் ஐயா?" என்று கேட்கிறார்கள். எதையும் விடவேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஜானி ஸ்மித் என்ற அமெரிக்க ஜாஸ் கிதார் கலைஞரின் வாழ்க்கையைச் சொல்வேன்.

1922-இல் அலபாமா மாநிலத்து பர்மிங்ஹாமில் பிறந்தவர். 1930-களின் பொருளாதார வீழ்ச்சியில் பிழைப்புத் தேடிக் குடும்பம் ஊர் ஊராக அலைந்து, கடைசியில் வடகோடியில் மேய்ன் மாநிலத்து போர்ட்லண்டில் போய்த் தங்கியது. கிதார் வாங்கக் காசில்லை. சிறுவன் அடகுக்கடைகளுக்குப் போனான். கடையில் தொங்கும் கிதார்களுக்கெல்லாம் சுருதி கூட்டி வைப்பது, பதிலுக்கு அங்கேயே வாசித்துப் பழகிக்கொள்வது என்று ஏற்பாடு. குரு யாரும் இல்லை. பதின்மூன்று வயதில் பிறருக்குச் சொல்லித்தரும் அளவுக்குத் தேறிவிட்டான். பிறகு ஒரு நாட்டுப்புற இசைக்குழுவில் சேர்ந்து, இரவுக்கு நாலு டாலர் கூலிக்கு ஊர் ஊராய் வாசித்தான்.

இரண்டாம் உலகப்போர் வந்தது. விமானியாக ஆசைப்பட்டார், ஒரு கண்ணில் பார்வை போதாது என்று தள்ளிவிட்டார்கள். மெக்கானிக் பள்ளிக்குப் போகலாம், இல்லையென்றால் ராணுவ பேண்டில் சேரலாம் என்றார்கள். பேண்டில் கிதாருக்கு இடமில்லை. கையில் ஒரு கார்னெட்டையும் ஒரு பாடப்புத்தகத்தையும் கொடுத்து, இரண்டு வாரத்தில் தேறிக் காட்டச் சொன்னார்கள். 'நான் கிதார்க்காரன், எனக்கெதற்கு ஊதுகிற வாத்தியம்' என்று அவர் முறுக்கிக்கொள்ளவில்லை. படைமுகாமின் கழிப்பறைக்குள் போய் நின்று ஊதிப் பழகினார். தேர்வில் தேறினார்.

அந்தக் கழிப்பறைச் சாதகம் போருக்குப் பிறகும் சோறு போட்டது. 1946 முதல் நியூயார்க்கில் என்.பி.சி. வானொலி நிறுவனத்தின் சம்பளக் கலைஞர். கிதாரும் வாசித்தார், கார்னெட்டுக்கு நெருங்கிய உறவான டிரம்பெட்டும் ஊதினார். அந்த வேலையில் 'எனக்குப் பிடித்த பாட்டு' என்று எதுவும் கிடையாது. நோட்டுத்தாளை முன்னால் வைப்பார்கள். நேரடி ஒலிபரப்பில் பார்த்த மாத்திரத்தில் பிசகில்லாமல் வாசித்தாக வேண்டும். இரவில் பேர்ட்லண்ட் போன்ற விடுதிகளில் ஜாஸ் வாசித்தார். மேற்கத்திய செவ்வியல் இசையமைப்பாளர் ஷோன்பெர்கின் 'செரினேட்' என்ற கடினமான படைப்பை இசை நடத்துநர் மித்ரோபூலோஸ் நடத்தியபோது கிதார் பகுதியை வாசித்தவரும் இவரே. நாலு டாலர் நாட்டுப்புறப் பாட்டிலிருந்து ஷோன்பெர்க் வரை ஒரே மனிதரின் விரல்கள்!

அப்படியென்றால் ஆழம்? 1952-இல் ஸ்டான் கெட்ஸ் சாக்ஸஃபோன் வாசிக்க இவர் பதிவுசெய்த 'மூன்லைட் இன் வெர்மான்ட்'டைக் கேளுங்கள். மெட்டின் ஒவ்வொரு நோட்டுக்கும் கீழே நெருக்கமான நோட்டுகளை அடுக்கி, மெட்டையே கார்டுகளாக, அதாவது பல நோட்டுகள் சேர்ந்தொலிக்கும் கொத்துகளாக, வாசிக்கிறார். பியானோவில் பக்கத்துப் பக்கத்துக் கட்டைகளை விரல் எளிதாகத் தொட்டுவிடும். கிதாரில் அதே நோட்டுகளுக்கு இடது கை விரல்கள் வலியெடுக்க விரிய வேண்டும். ஒரு கார்டிலிருந்து அடுத்ததற்குப் போகையில் கை மொத்தமாக எழுந்தால் நடுவில் ஓசை அறுந்துவிடும். ஆகவே ஒரு விரலாவது தந்தியை விடாமல் பிடித்திருக்க, மற்றவை நகர வேண்டும். அவர் வாசிப்பில் இந்தப் பாடு எதுவும் காதுக்குத் தெரிவதில்லை. ஒரே மூச்சில் பாடுவதுபோல் ஓடுகிறது. பல வேலை பார்த்தவர் எதிலும் மேலோட்டமாக நின்றுவிடவில்லை என்பதற்கு இந்த மூன்று நிமிட இசையே சாட்சி.

இந்தப் புகழின் நடுவில் இடி விழுந்தது. 1957-இல் மனைவி பிரசவத்தில் இறந்தார்; குழந்தையும் பிழைக்கவில்லை. நான்கு வயது மகள் மிஞ்சினாள். அவளைக் கொலராடோ ஸ்பிரிங்ஸில் தம் தாயிடம் அனுப்பிவைத்தார். அடுத்த ஆண்டு, நியூயார்க்கை விட்டுவிட்டு மகள் இருக்கும் ஊருக்கே குடிபோனார். வாத்தியக்கடை திறந்தார், மாணவர்களுக்குக் கிதார் சொல்லிக்கொடுத்தார், மகளை வளர்த்தார்.

நான் பிள்ளைகளுக்குச் சொல்ல விரும்புவது இந்த இடத்தைத்தான். மேடை ஒன்றே தெரிந்தவரால் மேடையை விட்டு இறங்க முடியாது. ஸ்மித்துக்குச் சிறுவயதிலேயே கற்பிக்கத் தெரியும். வாத்தியங்களைப் பராமரித்த கை. எந்த நோட்டையும் வாசிக்கிற கண். அதனால்தான் பெற்ற பிள்ளையா, பெயரா என்ற கேள்வி வந்த நாளில் தயங்காமல் பிள்ளையின் பக்கம் போக முடிந்தது. பல வேலை தெரிந்திருப்பதன் பெரிய பயன் கூடுதல் வருமானம் அல்ல. வாழ்க்கை நம்மை நெருக்கும்போது, சரியென்று பட்டதைச் செய்யும் தைரியம்.

அவர் ஒதுங்கிப் போனாலும் உலகம் அவரை ஒதுக்கவில்லை. 1961-இல் கிப்சன் நிறுவனம் அவர் பெயரிலேயே ஒரு கிதாரை வெளியிட்டது. 1954-இல் அவர் அமைத்த 'வாக், டோன்ட் ரன்' மெட்டை வென்ச்சர்ஸ் குழுவினர் 1960-இல் ராக் இசையாக வாசித்து, அமெரிக்கப் பாடல் வரிசையில் இரண்டாம் இடம் வரை கொண்டுபோனார்கள். 1977-இல் பாடகர் பிங் கிராஸ்பி தம் கடைசிச் சுற்றுப்பயணத்தில் அவரைச் சேர்த்துக்கொண்டார். இன்று ஜாஸ் கிதாரில் பெரிய பெயரான பில் ஃப்ரிசெல் இளமையில் அவரிடம் பாடம் கேட்டவர். 2013-இல், தொண்ணூறு வயதில், அதே கொலராடோ ஸ்பிரிங்ஸில் ஸ்மித் காலமானார்.

ஆகவே பிள்ளைகளே, கைக்கு வந்த வேலை உங்கள் கனவுக்குச் சம்பந்தமில்லாதது என்று தள்ளாதீர்கள். எடுத்ததை, பிறர் காசு கொடுத்து நம்மைக் கூப்பிடும் தரத்துக்குக் கற்றுக்கொள்ளுங்கள். அரைகுறையாக நாலு தெரிவது வேறு, முறையாக நாலு தெரிவது வேறு. தெரிந்ததை மறைக்காமல் சொல்லிக்கொடுங்கள். பெரியவர்களின் பழமொழி நம்மைத் தடுப்பது அரைகுறை உழவைத்தான். ஆழ உழுகிற கை எத்தனை வயலில் இறங்கினாலும் விளைச்சல் உண்டு.