குளக்கரையில் சும்மா நிற்பது

கரைக்குப் போய்ச் சேர்ந்த உடனே பைனாகுலரைத் தூக்கக் கூடாது. கால் மணி நேரம் சும்மா நிற்க வேண்டும். பறவை பார்ப்பதில் நான் இன்னும் பழகிக்கொண்டிருக்கும் பாடம் இதுதான். நாம் நடந்து வந்த சத்தத்துக்கு ஆள்காட்டி ஒரு சுற்று கத்தித் தீர்க்கும். வேலிச்செடிக்குள் இருந்தவை இன்னும் உள்ளே ஒதுங்கும். அசையாமல் நின்றால் கொஞ்ச நேரத்தில் நம்மை விட்டுவிட்டுத் தங்கள் பாட்டைப் பார்க்கப் போய்விடும். அதுவரை நாம் பார்ப்பது நம்மைக் கண்டு மிரண்ட பறவையை. அதன்பிறகுதான் அது எதைத் தின்கிறது, யாரோடு சண்டை போடுகிறது, எங்கே உட்கார்ந்து இறகு கோதுகிறது என்பதெல்லாம் தெரியவரும்.

நான் நிற்கும் இடம் கோவை சிங்காநல்லூர் குளம். வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம். நொய்யலை ஒட்டிய பழைய குளங்களில் ஒன்று. 2017-ல் நகர்ப்புறப் பல்லுயிர்ப் பாதுகாப்பு மண்டலமாக இதை அறிவித்தார்கள். அதற்காகக் காடு மாதிரி இருக்கும் என்று எண்ணிவிட வேண்டாம். சாக்கடை கலக்கிறது, ஆகாயத்தாமரை படர்கிறது, திருச்சி ரோட்டு ஹாரன் ஓய்வதில்லை. இத்தனைக்கும் நடுவில் கூழைக்கடாக்கள் நீந்துகின்றன.

நிற்கும் இடத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. காலையில் கிழக்குக் கரைதான் சரி. வெயில் முதுகில் விழும், எதிரே இருக்கும் பறவையின் நிறம் உள்ளபடி தெரியும். மேற்குக் கரையில் நின்றால் எல்லாமே கறுப்பு உருவம்தான். நீர்க்காகத்துக்கும் நாமக்கோழிக்கும் வடிவத்தை வைத்துத்தான் வித்தியாசம் சொல்ல வேண்டும். பைனாகுலரில் 8×42 எனக்குப் போதும். எட்டு மடங்கு பெரிதாக்கும், முன் லென்ஸின் விட்டம் 42 மில்லிமீட்டர். விடிகாலை மங்கலிலும் வெளிச்சம் குறையாது, பத்து மடங்குக் கருவி அளவுக்குக் கையில் ஆடாது. இன்னொரு பழக்கமும் வேண்டும். பறவையிடமிருந்து கண்ணை எடுக்காமல் பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுவர வேண்டும். குனிந்து கருவியைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தால் எந்தக் கிளை என்பதே மறந்துபோகும்.

ஆனாலும் முதல் அரை மணி நேரத்தில் பாதி வேலை காதுக்குத்தான். தையல்சிட்டின் குரல் அதன் உடம்புக்குச் சற்றும் பொருந்தாத சத்தம். ஒரே சொல்லை விடாமல் திரும்பத் திரும்பக் கூவும். செம்மார்புக் குக்குறுவான் ஆலமரத்தில் எங்கோ இருந்து ‘டுக் டுக்’ என்று தாளம் தப்பாமல் அடித்துக்கொண்டே இருக்கும். இந்த இரண்டையும் காது தானாக ஒதுக்கிவைக்கப் பழகிவிட்டால், புதிதாக ஒன்று வந்து சேர்வது உடனே பிடிபடும். தென்மேற்குப் பருவமழை முடியும் தறுவாயில் ஒரு காலை, புதருக்குள்ளிருந்து ‘டக்’ என்று ஒரு சத்தம் வரும். சற்று விட்டு இன்னொரு ‘டக்’. அது நாணல் கதிர்க்குருவி, ஐரோப்பாவின் கிழக்கிலும் மத்திய ஆசியாவிலும் கூடு கட்டி, குளிர்காலத்துக்கு நம் வேலிகளுக்கு வந்து சேரும் பறவை. பழுப்பு உடம்பு, சொல்லிக்கொள்ளும்படி ஓர் அடையாளமும் இல்லை, இலைகளுக்கு வெளியே வருவதும் அபூர்வம். தையல்சிட்டைக் காது நன்றாக அறிந்திருந்தால்தான் இதை அதிலிருந்து பிரிக்க முடியும்.

அதே பருவத்தில் பழுப்புக் கீச்சானும் வரும். வடகிழக்கு ஆசியாவிலிருந்து வந்து ஒரு வேலியைப் பிடித்துக்கொண்டால் குளிர்காலம் முழுக்க அந்த எல்லையை விடாது. மறு வருடமும் அதே இடத்துக்குத் திரும்பி வருவதைக் காலில் வளையமிட்டுக் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஒரே குளத்துக்குப் போய்க்கொண்டே இருக்கும் என்னைப் போன்ற ஆளுக்கு இதில் ஒரு சந்தோஷம் இருக்கிறது.

நின்றதற்குப் பலனாக அண்மையில் கிடைத்தது ஒரு நீலத்தாழைக்கோழி. கோரைக்குள் இருந்து அது தயங்கித் தயங்கி வெளியே வந்தது. நடக்கும்போது வால் மேலே சுண்ட, அடியில் இருக்கும் வெள்ளை பளிச்சிட்டு மறைந்தது. ஒரு தண்டை அலகால் பிடுங்கி, நீண்ட சிவந்த விரல்களால் பற்றி, நாம் கரும்பு தின்கிற மாதிரி காலில் பிடித்தபடியே தண்டின் அடிப்பக்கத்து வெள்ளைச் சதையை மட்டும் கடித்துத் தின்றது. மிச்சத்தைத் தண்ணீரில் போட்டுவிட்டு அடுத்த தண்டு. தின்னும் பகுதி எது, எறியும் பகுதி எது என்பது அன்று முழுசாகப் புரிந்தது. பரிசலில் வலை இழுத்துக்கொண்டிருந்தவர், “ஏனுங்க, அந்தக் கோழியையா இத்தன நேரம் பார்த்துட்டு நிக்கறீங்க?” என்றார். “ஆமாங்க” என்றேன். “காலைல அங்கதானுங்க மேயும்” என்று சொல்லிவிட்டு வலையைப் பார்த்தார். அந்தக் குளத்தை என்னைவிட அதிக நேரம் பார்க்கிறவர் அவர்.

வீடு திரும்பும் முன் பட்டியலை முடித்துவிடுவேன். 2002-ல் கார்னெல் பறவையியல் ஆய்வகம் தொடங்கிய இ-பேர்டு தளம் பதிவின்போது ஒரு கேள்வி கேட்கும்: அடையாளம் தெரிந்த எல்லாப் பறவைகளையும் எழுதியிருக்கிறீர்களா? இதற்கு ‘ஆம்’ சொல்ல வேண்டுமென்றால் காகம், மைனா, மாடப்புறா எதையும் விடக் கூடாது. அப்படி எழுதினால்தான், பட்டியலில் இல்லாத பறவை அன்று கண்ணிலோ காதிலோ படவில்லை என்று பொருள். அபூர்வப் பறவையை மட்டும் எழுதுகிறவரின் பட்டியலில், மற்றவை இல்லையா அல்லது அவர் எழுதவில்லையா என்பது யாருக்கும் தெரியாது. சிட்டுக்குருவி எங்கே குறைகிறது, மயில் எங்கே பெருகுகிறது என்பதெல்லாம் இந்தச் சலிப்பான பட்டியல்களிலிருந்துதான் வருகின்றன.

தொடங்க நினைப்பவர்களுக்குப் பொங்கல் நல்ல சமயம். 2015 முதல் தமிழ்நாட்டில் பொங்கல் விடுமுறை நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. குளம் கூட வேண்டியதில்லை. மொட்டைமாடியில் 15 நிமிடம் நின்று எண்ணினாலே போதும், எழுதி அனுப்பலாம். வலசை வந்தவையும் ஊர்ப்பறவைகளும் சேர்ந்திருக்கும் மாதம் அது. இடத்தை மட்டும் மாற்றாதீர்கள். அதே மாடி, அதே நேரம், காகத்திலிருந்து ஆரம்பியுங்கள். காகம் எத்தனை என்று எண்ணத் தொடங்கியவருக்கு அண்டங்காக்கை எது என்ற கேள்வி தானாக வரும்.