ஸ்ரீரங்கத்திற்கு எத்தனை எழுத்து?

எங்கள் நூலகத்தின் கணினிப் பக்கத்தை முன்பு படித்த அக்காமார் ஜாவாவில் எழுதியிருந்தார்கள். 2006-இல் கூகுள் வெளியிட்ட ஜி.டபிள்யூ.டி. என்னும் கருவி அதை ஜாவாஸ்கிரிப்டாக மாற்றித் தரும். எங்களுக்கோ ஜாவா தெரியாது. பதினோராம் வகுப்பில் படித்த ஜாவாஸ்கிரிப்ட்தான் தெரியும். "அதிலேயே எழுதிவிடுங்களேன்" என்றார் சிஸ்டர். துணிந்து இறங்கினோம்.

அந்த மொழியை 1995-இல் பிரெண்டன் ஐக் பத்தே நாளில் உருவாக்கினாராம். எங்களுக்கு இரண்டு மாதம் போதவில்லை! பொத்தான், பட்டியல் எல்லாம் எளிதாகவே முடிந்தன. ஊர்ப் பெயரில்தான் மாட்டிக்கொண்டோம். கட்டம் சிறியதென்று ஏழு எழுத்துக்கு மேல் வெட்டச் சொல்லியிருந்தோம். திருச்சி 'திருச்ச' ஆயிற்று. ஸ்ரீரங்கம் 'ஸ்ரீரங்' என்று நின்றது. "அக்கா, எங்க ஊரை யார் கடிச்சது?" என்று கேட்டாள் ஆறாம் வகுப்புத் தங்கை ஒருத்தி. சிரித்தோம், ஆனால் வெட்கமாக இருந்தது.

நாலெழுத்துத் திருச்சியை ஏன் வெட்ட வேண்டும்? சென்னையில் மென்பொருள் வேலை பார்க்கும் முன்னாள் மாணவி ஒருவர் தொலைபேசியில் விளக்கினார். புள்ளியையும் கொம்பையும் கணினி தனித்தனியே எண்ணுமாம். அதன் கணக்கில் திருச்சி எட்டு, ஸ்ரீரங்கம் பத்து. ஜாவாஸ்கிரிப்டிலேயே உள்ள 'இன்டில் செக்மென்டர்' எழுத்தெழுத்தாய்ப் பிரிக்கும் என்றார். போட்டுப் பார்த்தோம். திருச்சி நான்கு, ஸ்ரீரங்கம் ஆறு! 'ஸ்ரீ'யை இரண்டாக எண்ணியிருந்தது. ஏழுக்குள் அடங்கிவிட்டாலும் எங்களுக்கு மனம் ஒப்பவில்லை. 'ஸ்ரீ'க்கென்று தனியே ஒரு வரி எழுதினோம்.

மறுநாள் அந்தத் தங்கையைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினோம். விரல் விட்டு எண்ணினாள். ஐந்து.