காற்றுக்கும் வாட்டம் வேண்டும்

பாத்ரூமை இடித்துப் புதுப்பிக்கக் கூப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் கையில் டைல்ஸ் படத்தோடு காத்திருப்பார்கள். "ஏனுங்க, இந்தக் கலரு நல்லாருக்குங்களா? பழசை ஒடச்சுட்டு, அடியில வாட்டர் ப்ரூஃப் பண்ணி, இதை ஒட்டிட்டாப் போதுமுங்களா?" என்பார்கள். "ஒட்டிக்கலாமுங்க. மொதல்ல இதுக்குள்ள காத்து எங்கிருந்து வருது, எப்படி வெளிய போகுதுன்னு பாத்துக்கலாமுங்க" என்று சொல்லிவிட்டுச் சுவரையும் கூரையையும் தடவிப் பார்க்கத் தொடங்குவேன்.

கோவையிலும் சுற்றுப்பக்கத்திலும் பழைய வீடுகளைப் புதுப்பிப்பதுதான் என் தொழில். தரையில் ஓடும் தண்ணீருக்கு வாட்டம் பார்க்காத கொத்தனார் இங்கே கிடையாது. ரசமட்டம் வைப்பார், ஒரு சொம்புத் தண்ணீரை மூலையில் ஊற்றி அது ட்ராப்பை நோக்கி ஓடுகிறதா என்று பார்ப்பார். அதே தண்ணீர் ஆவியாகிக் காற்றில் ஏறினால் அதற்கும் வாட்டம் வேண்டும். அது வெளியேற ஒரு வழி, அதன் இடத்துக்குப் புதுக்காற்று வர ஒரு வழி. இதை யாரும் எஸ்டிமேட்டில் எழுதுவதில்லை. நான் பார்த்தவரை, செலவு செய்து புதுப்பித்த பாத்ரூம் சில வருடங்களிலேயே மறுபடி ஓதம் அடிப்பதற்கு இதுதான் முதல் காரணம்.

நம் பக்கத்துப் பழைய வீடுகளில் இந்தத் தொல்லை இருந்ததில்லை. தொட்டிக்கட்டு வீட்டில் தண்ணி வாக்கிற இடம் பொடக்காலியில், வீட்டை விட்டுத் தள்ளி இருந்தது. மறைப்புக்குப் பலகைக்கல்லோ தடுக்கோ, மேலே வானம். ஊற்றிய தண்ணீர் வாழைக்கும் தென்னைக்கும் போயிற்று, ஆவி தன் பாட்டுக்குக் கலைந்து போயிற்று. சிறுவாணித் தண்ணீர் 1930களின் தொடக்கத்தில் கோவைக்கு வந்தது. குழாய் ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் நுழைய நுழையக் குளியலும் உள்ளே வந்தது. பிறகு படுக்கை அறையோடு ஒட்டிக்கொண்டது. வெளியில் இருந்த ஈரத்தை நாம்தான் வீட்டின் நடுவுக்குக் கொண்டுவந்தோம். ஆனால் அது வெளியேற, கதவுக்கு எதிரே கூரையை ஒட்டி ஒரு சின்ன லூவர் ஜன்னலோடு நிறுத்திக்கொண்டோம். அந்த லூவர் கண்ணாடிகளையும் கொசுவுக்குப் பயந்து நிரந்தரமாக மூடிவிடுகிறோம்.

"நம்மூர்ல மழையே கம்மி, இங்க என்னங்க ஈரம்?" என்று கேட்கிறவர்கள் உண்டு. மழை குறைவு என்பது உண்மை. மாநிலச் சராசரியைக்கூட எட்டாத மழைதான். ஆனால் பாத்ரூம் ஈரம் மழையால் மட்டும் வருவதில்லை. கொஞ்சம் கணக்கு பார்க்கலாம். 30 டிகிரி சூட்டில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். அதுவே 20 டிகிரிக்கு ஆறினால் 17 கிராம்தான் தாங்கும், மிச்சம் தண்ணீராக இறங்கிவிடும். 8 அடிக்கு 5 அடி, 9 அடி உயரம் என்று நாம் வழக்கமாகக் கட்டும் பாத்ரூமில் ஏறக்குறைய 10 கன மீட்டர் காற்று இருக்கிறது. மார்கழி விடியலில் மொட்டை மாடியின் கான்கிரீட் இரவெல்லாம் குளிர்ந்து கிடக்கிறது. கெய்சர் வெந்நீரின் ஆவி அதில் போய் முட்டினால், அறைக்காற்று ஒரு முறை ஆறுவதிலேயே 130 கிராம் அளவுக்குத் தண்ணீர் கூரையிலும் சுவரிலும் படியலாம். ஒருவர் பின் ஒருவராக நான்கு பேர் குளிக்கிற வீட்டில் அது ஏறிக்கொண்டே போகும். மேல்மாடி பாத்ரூமின் கூரை மூலையில் கரும்பூஞ்சை பிடிப்பது இப்படித்தான். மேலே ஒழுக்கு என்று நினைத்து மொட்டை மாடியைக் கொத்திப் புதுத் தளம் போட்டவர்களும் இருக்கிறார்கள். பூஞ்சை அடுத்த குளிர்காலமே திரும்பி வந்திருக்கும்.

ஆகவே இடிப்பதற்கு முன்னால், ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறதா, காற்றிலிருந்து படிகிறதா என்று தெரிந்துகொள்ள வேண்டும். இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். ஓர் அடி சதுரத்துக்குக் கெட்டியான பிளாஸ்டிக் தாளை ஈரமான இடத்தில் வைத்து, நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி, ஒரு நாளாவது விட்டுவிடுங்கள். தாளுக்கு அடியில், சுவர்ப் பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது. தாளின் மேல்பக்கம் நனைந்து அடியில் காய்ந்திருந்தால் அது காற்றின் ஈரம். இரண்டு பக்கமும் நனைந்திருக்கும் வீடுகளும் உண்டு. அங்கே இரண்டு வைத்தியமும் தேவை.

சுவருக்குள் இருக்கும் ஈரத்துக்குக் கொங்குப் பகுதியில் கூடுதலாக ஒரு துணை இருக்கிறது. போர் தண்ணீரின் உப்பு. குடிக்க நல்ல தண்ணீர், குளிக்கவும் புழங்கவும் உப்புத் தண்ணீர் என்று இரண்டு லைன் வைத்திருக்கிற வீடுகள் இங்கே ஏராளம். டைல்ஸ் இடுக்கு வழியாக உள்ளே கசியும் உப்புத் தண்ணீர், சுவரைக் கடந்து படுக்கை அறைப் பக்கமாகக் காய்கிறது. நீர் ஆவியாகிப் போய்விடும், உப்பு மட்டும் பூச்சுக்குள் தங்கிப் படிகமாக வளர்ந்து பூச்சைத் தள்ளும். முழங்கால் உயரத்தில் பெயிண்ட் உப்பி, விரலால் தொட்டால் மாவாகக் கொட்டும். அந்தச் சுவரை மறைத்து மரத்தில் கப்போர்டு அடித்திருந்தால் இன்னும் மோசம், காற்றே படாது. பட்டுப்புடவை வைத்த தட்டில் பூஞ்சை வாடை வந்த பிறகுதான் தெரியவரும். பாத்ரூம் சுவரில் கப்போர்டு வைத்தே தீர வேண்டும் என்றால், முதுகுப் பலகைக்கும் சுவருக்கும் நடுவே இரண்டு அங்குலம் விட்டு, மேலும் கீழும் காற்றுப் போகத் திறப்பு வைக்கச் சொல்கிறேன்.

சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய பழைய வீடுகளில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அந்தச் சுவர்கள் ஈரத்தை உறிஞ்சும், இரண்டு பக்கமும் மெல்ல வெளிவிடும். ஒரு பக்கம் தரையிலிருந்து கூரை வரை சிமெண்டும் டைல்ஸும் போட்டு அடைத்து, மறுபக்கம் பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்துவிட்டால் சுவரால் காயவே முடியாது. கூரை வரை டைல்ஸ் ஒட்டுவது இப்போது பரவலாகிவிட்டது. அது எனக்கு உடன்பாடில்லை. 7 அடி வரை டைல்ஸ் போதும். அதற்கு மேலே பழைய சுவராக இருந்தால் சுண்ணாம்புப் பூச்சும் வெள்ளையடிப்பும், புதுச் சுவராக இருந்தால் சாதாரணப் பூச்சில் பூஞ்சை எதிர்ப்புப் பெயிண்டும் வைத்துக்கொள்ளலாம். ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங்கைப் பாத்ரூமில் போடவே கூடாது. ஈரத்தைக் குடித்துத் தொய்வதோடு, மேல்வீட்டுக் குழாய் கசிவதையும் மறைத்துவிடும்.

வாட்டர் ப்ரூஃப் வேலையைப் பற்றி எல்லோரும் பேசுவதால் சுருக்கமாகவே சொல்கிறேன். தண்ணீர் நுழைவது பெரும்பாலும் நான்கு இடங்களில்: ட்ராப்பின் சுற்று, தரையும் சுவரும் சேரும் மூலை, குழாய்க்காகச் சுவரை வெட்டிய தடம், கமோடு இணைப்பு. மூலைகளைக் கலவையால் உருட்டி, வலைத்துணி வைத்து, சிமெண்டும் பாலிமரும் கலந்த பூச்சை முதல் கை குறுக்காகவும் இரண்டாம் கை நெடுக்காகவும் அடித்து, காய்ந்தபின் தண்ணீர் கட்டி 48 மணி நேரம் நிறுத்திப் பார்க்க வேண்டும். கீழ்வீட்டுக் கூரையைப் போய்ப் பார்க்காமல் டைல்ஸ் ஒட்ட அனுமதிக்காதீர்கள். தளத்தை ஓர் அடி இறக்கிக் கட்டி, செங்கல் ஜல்லி கொட்டி நிரப்பிய பாத்ரூம்களில் தனித் தொல்லை உண்டு. மேலே கசிந்த நீரெல்லாம் அந்த ஜல்லிக்குள் தேங்கி நிற்கும். இடித்தபோது அழுக்குத் தண்ணீர் ஊற்றெடுத்ததை எத்தனையோ வீடுகளில் கண்டிருக்கிறேன். இறக்கிய தளத்தின் அடியிலேயே ஒரு வடிகுழாய் வைத்துவிட்டால் தேங்காது.

இனி காற்று. கோவையின் காற்றுக்கு ஒரு குணம் இருக்கிறது. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கும் பாலக்காட்டுக் கணவாய் வழியாக, ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்கிலிருந்து காற்று இடைவிடாமல் வீசும். பல்லடத்திலும் உடுமலையிலும் காற்றாலைகள் சுற்றுவது அதனால்தான். வாஸ்து பார்க்கிறவர்கள் பாத்ரூமுக்குச் சொல்வதோ பெரும்பாலும் வடமேற்கு வாயு மூலை. கட்டுகிறவரும் மேற்குச் சுவரில் ஓட்டை போட்டு எக்ஸாஸ்ட் ஃபேனை மாட்டிவிடுகிறார். ஆடி மாதம் போய்ப் பாருங்கள். ஃபேனை நிறுத்தியிருக்கும்போது இறக்கை எதிர்ப்பக்கமாகச் சுற்றிக்கொண்டிருக்கும். ஓடவிட்டாலும் காற்றோடு மல்லுக்கட்டி, ஆவியெல்லாம் கதவு வழியாகப் படுக்கை அறைக்குத்தான் போகும். ஃபேன் கெட்டுவிட்டது என்று புதிது வாங்கி மாட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். ஃபேனில் பழுதில்லை, அதை வைத்த சுவர் தவறு.

முடிந்தால் ஃபேனை வடக்கு அல்லது தெற்குச் சுவரில் வையுங்கள். மேல்காற்று சுவரை உரசிக்கொண்டு போகும்போது அங்கே இழுப்பு உண்டாகும், ஃபேனுக்கு அது உதவி. மேற்குச் சுவரைத் தவிர வேறு வழியில்லை என்றால், வெளியே வாய் கீழ்நோக்கிய மூடியும், நின்றதும் தானே விழுந்து அடைக்கும் ஷட்டரும் கட்டாயம். இன்னும் நல்லது, குழாய் போட்டு மொட்டை மாடிக்கு மேல் ஏற்றி, உச்சியில் தொப்பி வைப்பது. அந்தக் குழாயில் வளைவு கூடக் கூட ஃபேனின் வலு குறையும். பெட்டியில் அச்சிட்டிருக்கும் அளவு, குழாயும் எதிர்க்காற்றும் இல்லாதபோது எடுத்தது என்பதை நினைவில் வைத்து ஒரு படி பெரிதாக வாங்குங்கள். அமெரிக்காவில் ஆஷ்ரே என்ற பொறியாளர் சங்கம், குளியலறை ஃபேன் நிமிடத்துக்கு 50 கன அடியாவது இழுக்க வேண்டும் என்று தரம் வைத்திருக்கிறது. நம் 360 கன அடி அறைக்கு அந்தக் கணக்கில் முழுக் காற்றும் ஏழு நிமிடத்துக்கொரு முறை மாறும். ஆனால் அங்கே ஷவர் தடுப்புக்குள் மட்டும்தான் நனையும். வாளியும் சொம்புமாகக் குளிக்கும் நமக்குத் தரை முழுவதும் ஈரம். ஆகவே நமக்கு அந்த அளவுக்கும் மேலே தேவை. குளித்தவர் வெளியே வந்தபின்னும் இருபது நிமிடமாவது ஃபேன் ஓட வேண்டும். லைட்டோடு சேர்த்து ஒரே ஸ்விட்சில் கொடுக்காமல் தனியாக டைமர் ஸ்விட்ச் போடச் சொல்கிறேன். தண்ணீர் ஊற்றும் பகுதியை அரை அங்குலம் இறக்கி ஒரு கண்ணாடித் தடுப்பு வைத்துவிட்டால் நனையும் பரப்பே பாதியாகிவிடும்.

உள்ளே வருகிற வழியை மறந்துவிடக் கூடாது. புது பி.வி.சி. கதவு போடும்போது தரையோடு ஒட்டி இறுக்கமாகப் பொருத்தினால்தான் நல்ல வேலை என்று தச்சர் நினைக்கிறார். அப்படிப் பொருத்தினால் ஃபேன் எதை இழுக்கும்? கதவின் அடியில் முக்கால் அங்குலம் விட வேண்டும், அல்லது கீழ்ப்பகுதியில் ஜாலி வைத்த கதவு வாங்க வேண்டும். ஃபேன் ஒரு பக்கம், புதுக்காற்று எதிர்ப்பக்கம் என்று இருந்தால்தான் அறையின் குறுக்கே காற்று ஓடும். ஃபேனும் திறந்த ஜன்னலும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் ஜன்னல் காற்றையே ஃபேன் திருப்பி வெளியே அனுப்பிக்கொண்டிருக்கும், குளிக்கிற மூலையில் ஆவி அப்படியே நிற்கும். சரிபார்க்க ஓர் ஊதுபத்தி போதும். கதவைச் சாத்தி, ஃபேனைப் போட்டு, கதவின் அடியில் ஊதுபத்தியைக் காட்டுங்கள். புகை உள்பக்கம் படுத்துப் போக வேண்டும். நேராக எழுந்து நின்றால் வேலை முடியவில்லை என்று பொருள். நான் சாவி கொடுப்பதற்கு முன் வீட்டுக்காரர் கையாலேயே இதைச் செய்து காட்டச் சொல்வேன்.

அடுக்குமாடி வீடுகளில் எல்லா பாத்ரூம்களும் ஒரே டக்டுக்குள் திறக்கும். மழைத்தண்ணீர் விழுகிறது, புறா வருகிறது என்று அந்த டக்டின் உச்சியை ஷீட் போட்டு மூடிவிடுவார்கள். அன்றிலிருந்து கீழ்வீட்டு ஆவியும் வாடையும் மேல்வீட்டுக்குள் வரும். ஷீட்டைக் கைப்பிடிச் சுவரிலிருந்து ஓர் அடியாவது உயர்த்தி, சுற்றிலும் புறா நுழையாத வலை அடித்தால் மழையும் வராது, காற்றும் போகும். இதை ஒரு வீட்டுக்காரர் தனியாகச் செய்ய முடியாது. சங்கக் கூட்டத்தில் பேசித்தான் ஆக வேண்டும்.

எப்போது வேலை தொடங்குவது என்பதிலும் நமக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. தையில் கல்யாணம், அதற்குள் பாத்ரூம் முடிய வேண்டும் என்று மார்கழியில் கூப்பிடுவார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையைக் குடித்த சுவர் அப்போதுதான் முழு ஈரத்தில் இருக்கும். அதன் மேல் பூச்சும் டைல்ஸும் போட்டால் ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டுவது போல ஆகிவிடும். மாசி முதல் சித்திரை வரைதான் சரியான பருவம். பழைய டைல்ஸைப் பெயர்த்தபின் சுவரை நன்றாக உலரவிட்டு அடுத்த வேலைக்குப் போகலாம். அவசரம் என்றால் இடிப்பை மட்டும் முன்கூட்டியே முடித்து, ஃபேன் வைத்துக் காய வையுங்கள்.

கடைசியாக, கேஸ் கெய்சர். எரியும்போது காற்றுப் போதாமல் போனால் அதிலிருந்து கார்பன் மோனாக்சைடு வரும். நிறமில்லை, மணமில்லை, குளிப்பவர் மயங்கி விழுவதற்கு முன் எந்த அறிகுறியும் தெரியாமல் போகலாம். மூடிய பாத்ரூமில் இதனால் இறந்தவர்களைப் பற்றி நம் நாட்டுச் செய்தித்தாள்களில் ஒவ்வொரு குளிர்காலமும் படிக்கிறோம். ஃபேன் இருக்கிறதே என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாதீர்கள். புதுக்காற்று வர வழியில்லாத அறையில் ஃபேன் அந்த விஷக்காற்றைக் கெய்சரின் புகைவழியிலிருந்தே திருப்பி உள்ளே இழுத்துவிடும். உங்கள் வீட்டுக் கேஸ் கெய்சர் பாத்ரூமுக்குள் இருந்தால், டைல்ஸ் கடைக்குப் போவதற்கு முன்னால், இந்த வாரமே அதைக் கழற்றி வெளிச்சுவரில் மாட்டச் சொல்லுங்கள்.