பெஞ்சுல உக்காந்திருக்கிற உயரமான பையன்

1/ போன ஞாயிறு குப்பனூர்ல ஒரு அப்பாவும் பையனும் என்னைப் பார்க்க வந்தாங்க. பையன் பிளஸ் டூ, ஆறடி நாலங்குலம். ஸ்கூல் பேஸ்கட்பால் டீம்ல மாற்று சென்டர். முட்டிச் சில்லுக்குக் கீழே ரெண்டு மாசமா வலி. அதிகம் குதிக்கிறவங்களுக்கு வர்ற தசைநாண் வலி.

"ஏன்டா தம்பி இத்தனை நாள் சொல்லல?"

"கிடைக்கிறதே பத்து நிமிஷம் சார். வலின்னு சொன்னா அதுவும் போயிரும்."

2/ அப்பா வேன் டிரைவர். "பெஞ்சுலயே உக்கார்றவனுக்கு இதெல்லாம் எதுக்குங்க சார்? நிறுத்தச் சொல்லுங்க"ன்னார்.

நான் கேட்டேன்: "ஏற்காட்டுக்கு மெயின் ரோடு இருக்கே, அப்புறம் உங்க குப்பனூர் ரோடு எதுக்குண்ணே?"

"மழைல பாறை விழுந்து அது அடைச்சா இதுலதானே சார் மேல போகணும்!"

அதேதாண்ணே.

3/ கணக்கு எளிசு. சர்வதேச விதிப்படி ஆட்டம் 40 நிமிஷம். ஒருத்தருக்கு 5 ஃபவுல் ஆனா வெளியேறணும். ரிங்குக்கு அடியில மல்லுக்கட்டுற சென்டருக்கு அந்த ஆபத்து அதிகம். முதல் சென்டர் 30 நிமிஷம் ஆடினா, மீதி கால்வாசி ஆட்டம் மாற்று ஆள் கையில.

4/ அவனை எப்படி எடை போடறது? எத்தனை பாயிண்ட் போட்டான்னு பாக்காதீங்க. உள்ள போறப்போ ஸ்கோர் வித்தியாசம் என்ன, வெளிய வர்றப்போ என்ன? முன்னிலை கரையலன்னா வேலை முடிஞ்சுது. கடைசி குவார்ட்டர்ல முதல் சென்டர் மூச்சு வாங்காம, கையில ஃபவுல் மிச்சம் வச்சு நிக்கிறாரே, அதுல இவன் பங்கு இருக்கு. ஸ்கோர் ஷீட்ல இவன் பேர்ல வராது. ஆனா ஒரு மேட்சை வச்சு முடிவு பண்ணாதீங்க. பத்து நிமிஷம் ரொம்பச் சின்ன சாம்பிள்.

5/ பில் வால்டன் ஞாபகம் இருக்கா? பாத எலும்பு முறிவுகளால முழு சீசன்களையே இழந்தவர். 1985-86ல பாஸ்டன் செல்டிக்ஸ்ல ராபர்ட் பாரிஷுக்கு மாற்று. ஆட்டத்துக்குச் சுமார் 19 நிமிஷம், 7.6 பாயிண்ட். ஆனா அந்த சீசன்ல 80 ஆட்டம் ஆடினார். சிறந்த ஆறாவது வீரர் விருதும் வாங்கினார், டீம் சாம்பியனும் ஆச்சு.

நம்ம ஊர்க் கதை: இந்திய அணியோட முதன்மை சென்டர் அமிர்த்பால் சிங், 2017ல சிட்னி கிங்ஸ் போனார். அங்க அவர் பெஞ்சிலிருந்து இறங்குற ஆள். அதே ஆள், அதே உயரம். இடம் மாறினா வேலையும் மாறும்.

6/ கோச்சுகளுக்கு ஒரு வார்த்தை. வலியைச் சொன்னா இடம் போயிரும்னு பையன் பயந்தா, அவன் தேவைப்படுற அன்னிக்கு உங்ககிட்ட இருக்க மாட்டான். நானும் காலேஜ்ல மாற்று சென்டர்தான். கணுக்கால் சுளுக்கை மறைச்சு ஆடினேன். இன்னிக்கும் மலை இறங்குறப்போ அது வலிக்குது.

7/ தம்பிக்கு இப்போதைக்குக் குதிக்கத் தடை, தொடைக்குப் பயிற்சி. கோச்சுக்கும் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன்.

கிளம்புறப்போ அப்பா பையன்கிட்ட மெதுவா கேட்டார்: "நீ உள்ள போனப்போ ஸ்கோர் என்னடா இருந்துச்சு?"