காய்ச்சல் தாளும் லேடெக்கும்

"டாக்டர், நீங்க குடுக்குற காய்ச்சல் தாள் அச்சடிச்ச புக் மாதிரி இருக்கே, எந்த ஆப்?" இந்த வாரம் மட்டும் நாலு பேர் கேட்டுட்டீங்க. ஆப் இல்லைங்க, லேடெக். கொஞ்சம் நீளமான த்ரெட், பொறுமையா படிங்க.

தன் புத்தகத்தோட ப்ரூஃப் அசிங்கமா வந்த கடுப்புல டொனால்ட் நூத் 1977-ல ஆரம்பிச்சது டெக். 80-களில் லெஸ்லி லாம்போர்ட் அதுமேல கட்டினது லேடெக். கணக்கு, இயற்பியல் கட்டுரைகள் பெரும்பாலும் இதுலதான் எழுதுறாங்க. அம்பத்தூர்ல காய்ச்சல் பார்க்குற எனக்கு எதுக்கு?

பாராசிட்டமால் சிரப்புக்காக.

நம்ம மெடிக்கல்ல 5 மில்லிக்கு 120 மில்லிகிராம் பாட்டிலும் இருக்கு, 250 பாட்டிலும் இருக்கு. ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம்னு வெச்சா, 10 கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 150. முதல் பாட்டில்ல சுமார் 6 மில்லி, ரெண்டாவதுல 3 மில்லி. 250 பாட்டிலை வெச்சுக்கிட்டு "போன தடவை 6 மில்லி தானே"ன்னு ஊத்தினா டோஸ் ரெண்டு மடங்கு. (சொட்டு மருந்து இன்னும் திக்கு. 1 மில்லியிலயே 100. அதுக்குத் தனித் தாள்.)

லேடெக்ல 'காய்ச்சல்'னு நாமே ஒரு என்விரான்மென்ட் உருவாக்கலாம். ஆரம்பத்துல என்ன அச்சாகணும், முடிவுல என்ன அச்சாகணும்னு ஒரே ஒரு தடவை சொல்லி வெச்சா போதும். மாறுற விஷயமெல்லாம் பாராமீட்டர், 9 வரைக்கும் வெச்சுக்கலாம். நான் வெச்சது மூணு: மொழி, எடை, பாட்டில் ஸ்ட்ரெங்த். மில்லி கணக்கை அதுவே போட்டுடும்.

இதுல முதல் பாராமீட்டரை மட்டும் விருப்பத்துக்கு விட்டு, ஒரு டிஃபால்ட் குடுக்கலாம். எதுக்குக் குடுக்குறதுன்னு ரொம்ப நாள் யோசிச்சேன். ஸ்ட்ரெங்த்துக்கு 120-ன்னு வெச்சா டைப் பண்ற சிஸ்டருக்கு சுலபம். ஆனா 250 எழுதின அன்னைக்கு அவங்க மறந்தா, தாள் அழகா, தப்பா வரும். அதனால டிஃபால்ட் மொழிக்குத்தான், தமிழ். தப்பான மொழின்னா கையில வாங்கின உடனே கேப்பாங்க. தப்பான மில்லியை யாரும் கேக்க மாட்டாங்க. ஸ்ட்ரெங்த் இடத்துல 120, 250 தவிர வேற எது வந்தாலும் எரர் காட்டச் சொல்லி ஒரு வரியும் சேர்த்திருக்கேன்.

இன்னொரு சிக்கல். எஸ்டேட்ல அப்பா அம்மா ரெண்டு பேருமே ஷிப்ட் போற வீடுகள் நிறைய. ராத்திரி மருந்து ஊத்துறது பாட்டி. அவங்களுக்காக தாளோட அடியில பெரிய எழுத்துல "இந்த பாட்டிலுக்கு மட்டும்: 250"ன்னு வரணும். பழைய நியூஎன்விரான்மென்ட் கட்டளையில பாராமீட்டர் ஆரம்பப் பகுதியில மட்டும்தான் செல்லுபடியாகும். முடிவுப் பகுதியில போட்டா திட்டும். ஆரம்பத்துலயே ஒரு பேர்ல சேமிச்சு வெச்சு கீழ எடுத்துக்கணும். இல்லைன்னா நியூடாக்குமென்ட்என்விரான்மென்ட். 2020 அக்டோபர்ல இருந்து லேடெக்குள்ளயே இருக்கு, முடிவுலயும் பாராமீட்டர் கிடைக்கும். நான் இப்ப அதுக்கு மாறிட்டேன்.

இந்தி தாள் ரெடி. ஆவடி, பூந்தமல்லி பக்கத்துல இருந்து ஒடியா பேசுற குடும்பங்களும் வர்றாங்க. ஒடியா எழுதப் படிக்கத் தெரிஞ்ச டாக்டரோ நர்ஸோ இதைப் படிச்சா இன்பாக்ஸ் வாங்க, எட்டே வரிதான், சரிபார்த்துக் குடுங்க.