வரப்பில் ஒரு வேட்டை

மாமல்லபுரத்திற்குப் போய் வந்தவர்கள் யாரும் அருச்சுனன் தபசைப் பார்க்காமல் திரும்பியிருக்க மாட்டார்கள். ஏறத்தாழ 90 அடி நீளமுள்ள அந்தப் பாறை முழுவதும் யானைகளும் தேவர்களும் நாகர்களும் நிறைந்திருக்கிறார்கள். அவர்களுக்கு நடுவே பூனை ஒன்று பின்னங்காலில் நின்று, முன்னங்கால்களைத் தலைக்கு மேல் உயர்த்திக் கடுந்தவம் புரிகிறது. அந்தத் தவத்தை நம்பி எலிகள் அதன் காலடியில் அச்சமின்றித் திரிகின்றன. ஏழாம் நூற்றாண்டுச் சிற்பிக்கு நகைச்சுவை உணர்ச்சி இருந்தது என்று நாம் மெச்சிக் கொள்கிறோம். அது உண்மையே. ஆனால் தொண்டை நாட்டில் பிறந்தவனுக்கு எலியைப் பற்றித் தெரிந்திருந்ததில் வியப்பில்லை. ஏரிப் பாசனத்தில் நெல் விளைகிற சீமை இது. நெல் விளைகிற இடத்தில் எலிக்குக் குறைவில்லை.

கல்லில் செதுக்கிய எலியைக் காண ஆயிரக்கணக்கான ஜனங்கள் வருகிறார்கள். அந்தப் பாறைக்கு ஒரு மணிப் பிரயாணத் தூரத்தில், வயல் வரப்புகளில், உயிருள்ள எலியைப் பிடிக்கும் அற்புதக் கலை ஒன்று இருக்கிறது. அதைக் காண வருவோர் மிகச் சிலரே.

இங்கிலாந்து தேசத்துக் கிராமங்களில் குளிர்காலக் காலை வேளைகளில் நண்பர்கள் கூடி முயல் பிடிக்கப் போவதுண்டு. அந்த நாட்டு முயல் பூமிக்குள் வளை தோண்டிக் குடும்பம் நடத்துவது. வளையின் வாய்களில் எல்லாம் வலையை விரித்துவிட்டு, கீரிப்பிள்ளையைப் போல் நீண்டு மெலிந்த 'பெரெட்' என்னும் வளர்ப்புப் பிராணியை உள்ளே விடுவார்கள். அது துரத்த, முயல் வெளியே பாய்ந்து வலையில் விழும். நம் நாட்டு முயலோ வளை தோண்டுவதில்லை. புதரடியில் சிறு பள்ளம் பறித்துப் படுத்திருக்கும். அதைப் பிடிப்பதும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஆனால் வளையைக் கண்டுபிடிப்பது, வாய்களை அடைப்பது, உள்ளே இருப்பதை வெளியேற்றுவது ஆகிய மூன்று வித்தைகளும் நம் செங்கற்பட்டுச் சீமையில் வயலெலி வேட்டையில் இருக்கின்றன. அதில் வல்லவர்கள் இருளர் குலத்தார். அங்கே பெரெட் செய்கிற வேலையை இங்கே புகை செய்கிறது.

தை மாதத்துக் கடைசியில், சம்பா அறுவடை முடிந்த சமயம், நண்பர்கள் நால்வர் அந்த வேட்டையைப் பார்க்கக் கிளம்பினோம். எங்களில் ஒருவர் மிராசுதார். மற்றவர்களில் ஒருவர் பள்ளி ஆசிரியர். ஒருவர் பாங்கு உத்தியோகஸ்தர். செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகும் சாலையில், மிராசுதாரருடைய நிலம் இருந்தது. சூரியோதயத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்தோம். பனிமூட்டத்துக்கு மேலே வேதகிரி மலையின் உச்சி மட்டும் தெரிந்தது. நடுப்பகலில் கழுகுகள் வந்து சோறுண்ட அந்த மலைக்கு இப்போது கழுகுகள் வருவதில்லை.

வரப்பில் எங்களுக்கு முன்னாலேயே நான்கு பேர் காத்திருந்தார்கள். அறுபது வயது மதிக்கத்தக்க பெரியவர் ஒருவர், அவருடைய மனைவி, மகன், ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் பேரன். அவர்களிடம் இருந்த ஆயுதங்கள் ஒரு குட்டைக் கடப்பாரை, அடியில் ஓட்டையிட்ட ஒரு மண் பானை, ஒரு கோணிப்பை, கொஞ்சம் வைக்கோல். அவ்வளவுதான்!

பெரியவர் உடனே தோண்ட ஆரம்பிக்கவில்லை. வரப்பின் மேல் மெள்ள நடந்தார். நாங்கள் பார்த்தபோது வரப்பு முழுவதும் ஓட்டையாகத்தான் தெரிந்தது. அவருக்கோ ஒவ்வொரு ஓட்டையும் ஒவ்வொரு சமாசாரம் சொல்லிற்று. வாயில் குவிந்திருந்த மண் ஈரமாக இருந்தால் அது நேற்றிரவு தள்ளிய மண். சிலந்தி வலை கட்டியிருந்தால் அது பாழடைந்த வீடு. அடித்தாளைச் சாய்வாகக் கத்தரித்திருந்தால் எலியின் வேலை. ஓரிடத்தில் அவர் சட்டென்று நின்று குனிந்து பார்த்தார். புழுதியில் பட்டையாக ஒரு தடம் வளைந்து உள்ளே போயிருந்தது.

"இங்கே வேண்டாம், ஐயா. இதிலே எலி இல்லே, எலியைத் தின்னவன் இருக்கான்" என்றார்.

"பாம்பா?" என்று பாங்கு நண்பர் இரண்டடி பின்வாங்கினார்.

"நல்லது. அது பாட்டுக்கு இருக்கட்டும். அதுவும் நம்ம வேலையைத்தானே செய்யுது!"

நெல் வயலின் பெரிய திருடன் வரப்பெலி. சுமார் மூன்று வாரத்தில் ஈனும். ஓர் ஈற்றில் ஏழெட்டுக் குட்டிகள் பிறப்பது சாதாரணம். தின்பதோடு நில்லாமல் கதிர்களைக் கத்தரித்துக்கொண்டு போய் பூமிக்குள் களஞ்சியம் கட்டும். தோண்டிய மண்ணைக் கொண்டு வாயை உள்ளிருந்தே அடைத்துக்கொள்ளும். ஆபத்து வந்தால் ஓடுவதற்கென்று மேல் மண் மெல்லியதாக மூடிய இரகசிய வழி ஒன்றும் வைத்திருக்கும். மருந்து வைத்தாலோ, ஒரு முறை தின்று பிழைத்த எலி மறுமுறை அதன் பக்கமே வராது. அந்த மருந்தைத் தின்று செத்த எலியைத் தூக்கிச் செல்லும் ஆந்தைக்கும் ஆபத்து. ஆகவே, பள்ளம் அறிந்து தோண்டுகிறவனுக்கு இன்றும் வேலை இருக்கிறது.

பெரியவர் தேர்ந்தெடுத்த வளைக்கு ஆறு வாய்கள் இருந்தன. நாங்கள் கண்டது மூன்று. மற்ற மூன்றையும் பையன் காலால் மிதித்துப் பார்த்தே கண்டுபிடித்தான். ஐந்தை மண்கட்டியால் அடைத்தார்கள். ஆறாவதில் பானையின் வாயை வைத்துச் சுற்றிலும் சேறு பூசினார்கள். பானைக்குள் வைக்கோலைத் திணித்து நெருப்பு வைத்ததும், மகன் தரையில் குப்புறப் படுத்து, பானையின் அடியிலிருந்த ஓட்டையில் வாயை வைத்து ஊதலானான். சற்று நேரத்துக்கெல்லாம் எட்டடி தூரத்தில், யாரும் எதிர்பாராத ஓரிடத்தில், புல்லின் நடுவிலிருந்து நூலைப் போலப் புகை எழுந்தது. இரகசிய வழி வெளிப்பட்டுவிட்டது! அம்மாள் ஓடிப்போய் அதையும் மிதித்து அடைத்தாள்.

ஊதியவன் எழுந்தபோது கண்கள் சிவந்திருந்தன, வெகுநேரம் இருமினான். உதடு சுடுவதும், நெஞ்சில் புகை அடைப்பதும் இந்தத் தொழிலின் கூலியோடு சேர்ந்து வருபவை. கையால் சுழற்றிப் புகையைச் செலுத்தும் இரும்புக் கருவி ஒன்று, 2003-ஆம் ஆண்டில் உலக வங்கியின் பரிசுத் தொகை பெற்ற திட்டமொன்றின் மூலம் இப்பகுதி இருளர்களுக்கு வழங்கப்பட்டது. எங்கள் குடும்பத்தின் கைக்கு அது வந்து சேரவில்லை.

பிறகு தோண்டுதல் தொடங்கிற்று. கடப்பாரை ஒவ்வோர் அடியாக வளையைப் பின்தொடர்ந்தது. பெரியவர் இடையிடையே கையை உள்ளே விட்டுத் தடவிப் பார்ப்பார், "இடப்பக்கம்" என்பார், "கீழே" என்பார். அவர் சொன்னது ஒருமுறையும் தவறவில்லை. புகையில் மயங்கிக் கிடந்த எலிகளை மகன் வாலைப் பிடித்து எடுத்து, ஒரே தட்டில் முடித்துக் கோணியில் போட்டான். பதினொன்று. அப்புறம் இரண்டு முழ ஆழத்தில் களஞ்சியம் அகப்பட்டது. ஒரு சிறு அறை நிறைய, கத்தரித்து அடுக்கிய நெற்கதிர்கள்! மண்ணை உதறி அம்மாள் அவற்றை முந்தானையில் கட்டினாள். நாலைந்து படி நெல் தேறும்.

மிராசுதார் நண்பர் சிரித்துக்கொண்டே, "என் நெல்லை எலி திருடிற்று, எலியிடமிருந்து நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள். எனக்கு என்ன மிச்சம்?" என்றார்.

அம்மாள் நிமிர்ந்து பார்க்காமலே பதில் சொன்னாள்: "பூமிக்கு மேலே இருக்கிறது உங்களுது, ஐயா. கீழே போனதை யார் எடுத்துக் குடுக்கிறது? எடுக்கிறவங்களுது."

நண்பர் மேற்கொண்டு பேசவில்லை. தோண்டினவருக்கே வளை நெல் என்பது இப்பக்கத்தில் நெடுநாள் வழக்கம். ஆனால் அந்த ஒரு வாக்கியத்தில் ஒரு குலத்தின் சரித்திரமே அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றியது. பூமிக்கு மேலே இருந்ததில் அவர்களுக்கு எப்போது பங்கு கிடைத்தது? காட்டில் தேனும் கிழங்கும் மூலிகையும் எடுத்து வாழ்ந்தவர்கள். காடு சுருங்கிய பின் வயலோரத்துக்கு வந்தார்கள். முன்பணம் வாங்கி, அரிசி ஆலையிலும் செங்கற் சூளையிலும் கொத்தடிமைப்பட்ட குடும்பங்கள் எத்தனையோ. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976-ல் வந்தது. அதற்குப் பின்னும் அதிகாரிகள் போய் மீட்கவேண்டியிருந்தது.

இடைக்காலத்தில் அவர்களுக்குச் சோறிட்டது பாம்புத் தோல். வெளிநாட்டுச் சீமாட்டிகளின் கைப்பைகளுக்காக இங்கே பாம்புகள் லட்சக்கணக்கில் உரிக்கப்பட்டன. 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தின் விளைவாக அந்த வியாபாரம் நின்றது. பாம்புக்கு நல்ல காலம் பிறந்தது. பாம்பு பிடிக்கிறவர்களுக்குப் பிழைப்புப் போயிற்று. அப்பொழுதுதான், 1978-ல், மாமல்லபுரத்துக்கு வடக்கே கடற்கரைச் சாலையிலுள்ள வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. முதலைப் பண்ணையை நிறுவிய ரோமுலஸ் விட்டேக்கர் அதற்குத் துணை நின்றார். வனத்துறை அனுமதிக்கும் எண்ணிக்கை அளவில் நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் பிடித்து வருகிறார்கள். பானையில் வைத்து, சில வாரங்களில் நான்கு முறை விஷம் எடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டு, மறுபடியும் காட்டிலே விட்டுவிடுகிறார்கள். பாரத நாட்டில் பாம்புக்கடிக்கு ஏற்றப்படும் மருந்தின் மூலப்பொருளில் பெரும்பகுதி இந்தச் சிறு சங்கத்திலிருந்தே போயிருக்கிறது. எங்கோ ஒரு தானியக் களத்தில் கடிபட்ட விவசாயி பிழைத்து எழும்போது, முகமறியாத ஓர் இருளரின் கைத்திறனும் அவனைப் பிழைக்க வைத்ததில் சேர்ந்திருக்கிறது.

உலகமும் சற்றுத் தாமதமாக இதை உணர்ந்தது. அமெரிக்காவின் புளோரிடா மாகாணத்தில், அயல்நாட்டிலிருந்து வந்து பெருகிய மலைப்பாம்புகள் அங்குள்ள பிராணிகளையெல்லாம் விழுங்கி வந்தன. அவற்றைக் கண்டுபிடிக்க முடியாமல் திகைத்த நிபுணர்கள், 2017-ல் செங்கற்பட்டுச் சீமை இருளர்களாகிய மாசி சடையன், வடிவேல் கோபால் என்னும் இருவரை அழைத்தார்கள். முதல் இரண்டு வாரங்களுக்குள்ளாகவே 13 மலைப்பாம்புகள் அகப்பட்டன. அவற்றுள் ஒன்று 16 அடி நீளம். 2023-ல் நம் அரசாங்கம் அவ்விருவருக்கும் பத்மஸ்ரீ விருது வழங்கிற்று. பட்டம் பெற்ற கல்விக்கும் பார்த்துப் பெற்ற கல்விக்கும் ஒரே மேடையில் மரியாதை கிடைத்த நாள் அது.

வெயில் ஏறியதும் வேட்டை முடிந்தது. ஐந்து வளைகளில் நாற்பதுக்கு மேற்பட்ட எலிகள். வேப்பமர நிழலில் பெரியவர் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டார். எங்கள் ஆசிரியர், அவருடைய பேரனைக் காட்டி, "இவனும் இந்தத் தொழிலுக்குத்தான் வருவானா?" என்று கேட்டார்.

"வேண்டாம், ஐயா. இந்தப் புகை என்னோட போகட்டும்" என்றார் பெரியவர். சற்று யோசித்துவிட்டு, "ஆனா, மண்ணைப் பார்த்தா அவனுக்குத் தெரியணும். அது தெரியாம இருந்தா அவன் எங்க புள்ளையா?" என்றார்.

பையனுக்குத் தெரிந்துதான் இருந்தது. மூன்று வாய்களைக் காலால் கண்டவன் அவன் அல்லவா? அவன் பள்ளிக்கூடத்தில் பிராணி சாஸ்திரம் படிக்கிறான். அந்தப் புத்தகத்தில் வரப்பெலியின் இரகசிய வழியைப் பற்றி ஒரு வரியும் கிடையாது. தாத்தாவுக்கோ புத்தகத்தின் எழுத்துத் தெரியாது. இந்த இரண்டு கல்விகளும் அந்தப் பையனிடத்தில் சந்திக்குமா, அல்லது ஒன்று வர மற்றொன்று போய்விடுமா என்பதே கேள்வி. வறுமை இருந்தால்தான் வித்தை நிலைக்கும் என்று சொல்வது அநியாயம். வடநெம்மேலிச் சங்கத்தில் வித்தைக்கு விலையும் மரியாதையும் சேர்ந்து கிடைத்தன. எலி பிடிக்கிறவருக்கும் அவ்வாறு கிடைக்கச் செய்வது, சுதந்திர தேசத்துக்கு ஒரு பெரிய காரியமல்ல. குடியிருக்கும் மண்ணுக்குப் பட்டாவும், பிள்ளைக்குச் சாதிச் சான்றிதழும், ஊதுகிறவன் நெஞ்சைக் காக்கும் ஒரு கருவியும் போதும். மற்றதை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

மாசி மகத்துப் பௌர்ணமியை ஒட்டி மாமல்லபுரத்துக்குப் போகிற நேயர்கள், கடற்கரைக் கோயிலைப் பார்த்ததோடு திரும்பிவிட வேண்டாம். பல ஊர்களிலிருந்தும் இருளர்கள் குடும்பம் குடும்பமாக அங்கே வந்து மணலில் இறங்குவார்கள். விடியற்காலையில் ஈர மணலால் படிகள் அமைத்து, பூவும் பழமும் வைத்துத் தங்கள் கன்னியம்மனைக் கடலிலிருந்து அழைப்பார்கள். அங்கேயே கல்யாணங்களும் நடக்கும். அந்தக் கூட்டத்தில் கையில் தீப்புண் தழும்பு கொண்ட ஒரு பெரியவரைக் கண்டால், ஒரு நமஸ்காரம் செய்யுங்கள். நாம் உண்ணும் சோற்றில் அவர் காத்துக் கொடுத்த நெல்லும் இருக்கிறது.